“தூர்ந்தவை” குறுக்கெழுத்து: பத்து எழுத்து கிடைத்தது, பதினொன்றாவது எங்கே?

அல்சூர்வாசகி | ஞாயிறு, காலை 10.20

இந்த மாதக் கருப்பொருள் குறுக்கெழுத்துக்குப் பரிசு இல்லை என்பதால் சேர்ந்தே அவிழ்க்கலாம் என்று புதிராளர் கரந்துறை அனுமதி தந்திருக்கிறார். தலைப்பு “தூர்ந்தவை”. முன்குறிப்பை அப்படியே தருகிறேன்: “சில விடைகள் கட்டத்துக்குள் முழுமையாக இறங்கமாட்டா. இறங்கியபின் நிற்பவை யாவும் சொற்களே. இழந்தவற்றைக் குறுக்கில் ஒரு முறையும் நெடுக்கில் ஒரு முறையும் வரிசையாகப் படித்தவர், இன்று அங்கே நிற்பவற்றைக் கீழேயுள்ள நான்கு, ஐந்து கட்டங்களில் எழுதுக. எல்லாம் முழுதும் தூர்ந்துவிட்டதென்று எண்ணவேண்டாம்.”

நேற்று இரவு முழுவதும் 4 குறுக்கில் நின்றேன். “காலைத் தொடர்ந்து செல்வம் வரும் முகம் (4)” என்பது குறிப்பு; அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. காலை என்பதைப் பொழுதாகவே படித்துக்கொண்டிருந்ததால் வழி கிடைக்கவில்லை. கால் என்னும் பின்னத்துக்குத் தமிழில் ‘வ’ என்று எழுதுவோம் என்பது நினைவுக்கு வந்ததும், வ என்பதைத் தனம் தொடர, வதனம் என்று விடை விழுந்துவிட்டது. ஆனால் வதனத்துக்கு நான்கு எழுத்து. கட்டத்தில் மூன்றே இடம். வெட்டிச் செல்லும் விடைகள் முதலில் வகரத்தையும் முடிவில் மகர ஒற்றையும் உறுதி செய்கின்றன. நடுவில் தகரத்தை வைப்பதா, னகரத்தை வைப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பென்சிலால் சிறிதாக எழுதி வைத்திருக்கிறேன். உறுதியாகும் வரை நான் பேனாவை எடுப்பதில்லை.

ஜாலஹள்ளிப்பெரியவர் | ஞாயிறு, காலை 11.05

அம்மா, னகரத்தை வையுங்கள். “இறங்கியபின் நிற்பவை யாவும் சொற்களே” என்ற வரிதான் திறவுகோல். தகரம் போனால் வனம் நிற்கிறது. னகரம் போனால் ‘வதம்’ நிற்கும், அதுவும் சொல்தான் என்பதால் உங்கள் தயக்கம் நியாயமானது. அதைத் தீர்ப்பது 9 குறுக்கு: “சூழ்ச்சிக்கு நடுவே மரம் நட்டால் அடங்கிய இடம் (3)”. சதிக்குள் மா புகுந்தால் சமாதி. கட்டத்தில் இரண்டே இடம் இருப்பதால் நட்ட மரத்தைப் பிடுங்கியாக வேண்டும், சதி நிற்கும். ஒவ்வொரு கருப்பொருள் விடையிலும் ஒரே ஓர் எழுத்து உதிர்கிறது. உதிர்வதை வரிசையில் படித்தால் பொருள் வரவேண்டும் என்று நிபந்தனை இருப்பதாலும், னகரத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது என்பதாலும், த என்றும் ன என்றும் இனி நமக்குள் வழக்கு வராது.

இப்படி எழுத்தைக் கழித்துச் சொல்லைக் காப்பது நமக்குப் புதிய விளையாட்டு அன்று. தண்டியலங்காரம் சொல்லணியியலில் இதற்கு அக்கரச்சுதகம் என்று பெயர். தூணில் வந்தவன், பொய்கை தந்தவன், மோகினியாக வந்த திருமால் அளித்தவன் ஆகிய மூவரும் யார் என்று கேட்டுவிட்டு, ‘கநகாரி, நகாரி, காரி’ என்று தலையெழுத்தை ஒவ்வொன்றாக நீக்கியே நரசிம்மரையும் முருகனையும் சாத்தனையும் விடையாகத் தருகிறது அதன் எடுத்துக்காட்டுப் பாட்டு. ஆங்கிலத்தில் 1930 முதல் வரும் லிசனர் குறுக்கெழுத்தில், விடையில் ஓர் எழுத்தை விட்டுவிட்டுக் கட்டத்தில் எழுதும் வகை ஒன்று உண்டு. கரந்துறை இரண்டையும் படித்தவர் என்பது கட்டத்தைப் பார்த்த உடனே தெரிகிறது. அவருடைய புனைபெயரே அந்தச் சொல்லணி வரிசையில் உள்ளதுதான்.

மாகடிசாலை | ஞாயிறு, பகல் 1.40

ஐயா சொன்ன வழியில் போனதில் நெடுக்கில் இரண்டு விழுந்தன. “ஒரு படம், முழுதும் சூது (4)” என்னும் 8 நெடுக்கில் ஒன்றுக்குத் தமிழ் எண் க. அதோடு படம் சேரக் கபடம் வருகிறது, பகரம் போகக் கடம் நிற்கிறது. 2 நெடுக்கு அரசன். சகரம் உதிர்ந்து அரன் ஆகிவிட்டான். ஆக நெடுக்கில் ச, ஏதோ ஒன்று, ப என்று தொடங்குகிறது. சம்பளம், சம்பந்தம் என்று எத்தனையோ வரலாம் என்றாலும், எனக்குச் சம்பங்கிதான் தோன்றுகிறது. பூக்களைப் பற்றிய புதிராக இருக்குமோ?

குறுக்கில் 7 எனக்கு மிகவும் பிடித்தது. “உலகைத் திட்டு, அதுவும் ஒரு நோக்கு (3)”. பார் என்ற உலகமும் வை என்ற ஏவலும் சேர்ந்து பார்வை, ஒற்று உதிர்ந்ததும் பாவை.

விவேக்நகர்ஆசிரியை | ஞாயிறு, மாலை 4.15

5 நெடுக்கில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. “சுட்டெழுத்தோடு சேரும் கண்பூச்சு இப்பிறவிக்கு மட்டும் (3)” என்பதற்கு விடை இம்மை என்பதில் ஐயமில்லை. இகரச் சுட்டோடு மை சேர்ந்தால் மகர ஒற்று மிகும் என்பது புணர்ச்சி விதி. ஆனால் நாம் இதுவரை தீர்த்த புதிர்களில் துண்டுகளை ஒட்டும்போது எழுத்து எதுவும் தானாக முளைத்ததில்லை. குறிப்பில் இல்லாத ஓர் எழுத்தைப் புணர்ச்சியின் பெயரால் உள்ளே கொண்டுவருவது தீர்ப்பவருக்கு நேர்மையாகுமா? குறிப்பாக, அப்படி முளைத்த அதே ஒற்றுதான் கட்டத்தில் இறங்கும்போது உதிர்ந்து இமை நிற்கிறது என்பதால், அந்த எழுத்து வந்ததும் போனதும் புதிராளரின் விருப்பம் போல ஆகிவிடுகிறதே.

ஜாலஹள்ளிப்பெரியவர் | ஞாயிறு, மாலை 5.30

நல்ல கேள்வி. என் மறுமொழியும் அதே நூலிலிருந்துதான். வினாவுத்தரம் என்னும் அணிக்குத் தரப்படும் பாட்டில், பூமகள் யார் என்றால் திரு, போகிறவனை ஏவும் சொல் ஏகு, சரத்தின் பெயர் அம்பு, அழகின் பெயர் அம், எல்லாம் சேர்ந்தால் பிறைசூடியவன் உறையும் திருவேகம்பம். இதில் திருவும் ஏகும் சேரும் இடத்தில் வகர உடம்படுமெய் தோன்றுகிறது, ஏகு என்பதன் உகரம் கெடுகிறது, அம்பு என்பதன் உகரமும் கெடுகிறது. துண்டுகளை ஒட்டும் இந்தக் கலையில் புணர்ச்சி எப்போதுமே உள்ளே இருந்திருக்கிறது. தமிழ்ச் சொற்கள் சேரும்போது நடப்பதை நடக்கவிடாமல் தடுத்தால் அது ஆங்கிலக் கட்டத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டதாகிவிடும் என்பது என் எண்ணம்.

மை இட்ட இடத்தில் இமை நிற்கிறது என்பதையும் பாருங்கள். இப்படி ஒரு குறிப்பு அமைய எத்தனை நாள் காத்திருந்தாரோ!

விவேக்நகர்ஆசிரியை | ஞாயிறு, மாலை 6.10

ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் புணர்ச்சி உண்டு என்பதை எல்லாப் புதிரிலும் ஒரே சீராகக் கொள்ளவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

12 நெடுக்கும் கிடைத்தது. “மெய்யை விட்டுத் தொடங்கும் சங்கம், அதுவும் ஓர் உறுப்பு (4)”. சகர உயிர்மெய்யில் சகர மெய் நீங்கினால் எஞ்சுவது அகரம், எனவே அங்கம். அதிலிருந்து ஙகர ஒற்று உதிர்ந்து அகம். தம்பி சொன்ன சம்பங்கி ஏறக்குறைய உறுதி. கி மட்டும் வேண்டும்.

அல்சூர்வாசகி | ஞாயிறு, இரவு 9.45

குறுக்கில் எல்லாம் முடிந்தது. 11 குறுக்கு, “அன்னைக்கு வந்த நோய் (3)”, அம்மை. மகர ஒற்று உதிர்ந்து அமை. 14 குறுக்கு, “அரசன் ஊரில் உயர்ந்து நிற்பது (4)”, கோவும் புரமும் சேர்ந்த கோபுரம்; புகரம் உதிர்ந்ததும் அது கோரமாகிவிட்டது. 19 குறுக்கில் இரண்டின் எண்ணான உகரமும் உறுதி என்று பொருள்படும் திரமும் சேர்ந்து உதிரம், தி உதிர்ந்து உரம்.

உதிர்ந்தவற்றை வரிசையாக எழுதினால் த, ர், மா, ம், பு, தி. தர்மாம்புதி! அம்புதி என்றால் கடல் என்று அகராதி சொல்கிறது. அறக்கடல் என்று ஒரு பூ இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆகவே பூ என்ற எண்ணத்தை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் சம்பங்கியை என்ன செய்வது?

மாகடிசாலை | திங்கள், காலை 8.50

அக்கா, விடையை இன்று காலை பஸ்ஸுக்குள் நின்றபடி கண்டேன். பெங்களூரு மெஜஸ்டிக்கில் இறங்குவதற்கு முன்னால் எதிரே சென்ற வண்டியின் பலகையில் ‘சம்பங்கிராமநகர்’ என்று கன்னடத்தில் எழுதியிருந்தது. அந்தப் பகுதிக்குப் பெயர் தந்தது பூ அன்று, ஏரி. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில்தான் இப்போது கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கிறது. நான் இறங்கி நின்ற கெம்பேகவுடா பேருந்து நிலையமோ தர்மாம்புதி ஏரியின் படுகை. ஆறு ஆண்டுகளாக நாள்தோறும் ஓர் ஏரிக்குள் நின்று வண்டி மாறிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பெயரை நேற்று இரவு நீங்கள் எழுதியதைப் படித்தும் எனக்கு உறைக்கவில்லை.

“தூர்ந்தவை” என்ற தலைப்பு இப்போது புரிகிறது. கீழேயுள்ள நான்கு கட்டத்தில் நிலையம், ஐந்து கட்டத்தில் அரங்கம்.

ஜாலஹள்ளிப்பெரியவர் | திங்கள், காலை 10.00

தம்பி, அருமை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே இரண்டும் இல்லை. ஆனால் உடன் வேலை செய்த மூத்தவர்கள் ‘தர்மாம்புதியில் இறங்கி வா’ என்றுதான் வழி சொல்வார்கள். இந்த ஊரில் பெரிய ஆறு இல்லை. மேட்டு நிலத்தில் ஓடும் மழைநீரை ஒன்றன்பின் ஒன்றாகத் தேக்கி, ஓர் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குப் போகும்படி கரை கட்டினார்கள். 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாயில் தண்ணீர் வரத் தொடங்கியபின், ஊர் நடுவிலிருந்த ஏரிகளைக் குடிநீருக்காகக் காக்கவேண்டும் என்ற கட்டாயம் குறைந்துவிட்டது. சித்திக்கட்டெ இருந்த இடத்தில் கே.ஆர். சந்தை வந்தது, அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி அரங்கமாயிற்று. எழுத்துப் போனபின் நிற்பதும் சொல்லாகவே இருக்கவேண்டும் என்று புதிராளர் தமக்கு விதித்துக்கொண்ட நிபந்தனைக்கு இப்போது காரணம் தெரிகிறது. ஏரி போன இடத்தில் வெற்றிடம் இல்லை, வேறொன்று நிற்கிறது. பெயரும் பொருளும் மாறிவிட்டதால், முன்பு இருந்தது என்னவென்று வழிப்போக்கருக்குத் தெரிவதில்லை.

அல்சூர்வாசகி | திங்கள், பகல் 12.30

கட்டம் நிரம்பிவிட்டது என்று மகிழ்ந்த பிறகு எண்ணிப் பார்த்தேன். தர்மாம்புதிக்கு ஆறு, சம்பங்கிக்கு ஐந்து, ஆகப் பதினொன்று இருக்கவேண்டும். என்னிடம் பத்துதான் இருக்கின்றன. கி உதிரும் விடை எங்கும் இல்லை. எஞ்சிய நெடுக்கு விடைகள் எல்லாவற்றிலும் அடைப்புக்குள் உள்ள எண்ணும் கட்ட எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றன.

ஒன்று மட்டும் இடிக்கிறது. கடைசி நெடுக்கான 17, “கிழக்கில் தொடங்கி ஒருவகையில் சூரியனைச் சுற்றும் (4)”. கிழக்கின் தொடக்கம் கி, ஒருவகை என்றால் ரகம், ஆகக் கிரகம். கட்டத்திலும் நான்கு இடம். ஆனால் அதே முதற்கட்டத்தில் தொடங்கும் 17 குறுக்கு, ராகத்தைக் கேட்டது, கல்யாணி. முதற்கட்டத்தில் க வேண்டுமா, கி வேண்டுமா? கில்யாணி என்று ஒரு ராகம் இல்லை. கல்யாணியைத் தவிர அந்த இடத்துக்கு வேறு எதுவும் பொருந்தவும் இல்லை. அச்சுப்பிழையோ என்று ஐயப்படுகிறேன்.

நகரத்பேட்டைவாசி | திங்கள், இரவு 8.20

அச்சுப்பிழை இல்லை அக்கா. இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதற்கு நான் எழுதியாக வேண்டும். முதற்கட்டத்தில் க என்றே எழுதுங்கள். கரகம்!

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில்தான் தர்மராயசுவாமி கோயில். சைத்திரப் பௌர்ணமி இரவில் திகளர் சமூகத்தார் நடத்தும் பெங்களூரு கரகம் அங்கிருந்துதான் புறப்படும். மல்லிகைப் பூக்களால் மூடிய கரகத்தைத் தலையில் தாங்கியவர் கையால் பிடிக்காமல் நடந்துவர, வாள் ஏந்திய வீரகுமாரர்கள் சூழ்ந்து வருவார்கள். தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள்ளும் கரகம் போய்த் திரும்பும். அந்தத் திருவிழாவின் நீர்ச் சடங்குகளுக்கும் சம்பங்கி ஏரிக்கும் பழைய உறவு உண்டு. ஏரி தூர்ந்து அரங்கம் எழுந்த பிறகும், கரக வழிபாட்டுக்காகச் சதுரமான ஒரு சிறு குளத்தை விட்டுவைத்தார்கள். இன்றும் அது அரங்கத்தை ஒட்டி இருக்கிறது. சிறுவயதில் அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து அங்கே விளக்கு வெளிச்சம் தண்ணீரில் நெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

“எல்லாம் முழுதும் தூர்ந்துவிட்டதென்று எண்ணவேண்டாம்” என்ற கடைசி வாக்கியம் இதைத்தான் சொல்கிறது. கி முழுதாகப் போகவில்லை; அதன் மேலிருந்த குறி மட்டும் போய், க எஞ்சியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. படிக்கட்டு வைத்த கோயில் குளத்துக்குக் கன்னடத்தில் என்ன பெயர் தெரியுமா? கல்யாணி.

அல்சூர்வாசகி | திங்கள், இரவு 8.35

படித்ததும் சற்று நேரம் கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கல்யாணியும் கரகமும் ஒரே எழுத்தில் தொடங்கும் அந்த மூலை!

விவேக்நகர்ஆசிரியை | செவ்வாய், காலை 7.15

புதிரின் அழகை நானும் மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு குறையைச் சொல்லாமல் விட்டால் புதிராளருக்கு நான் செய்யும் மரியாதை அதுவாகாது. கி என்பது க் என்னும் மெய்யும் இ என்னும் உயிரும் சேர்ந்தது. இகரம் போனால் எஞ்சவேண்டியது க் என்னும் ஒற்றுதானே தவிர, க அன்று. க வேண்டுமானால் அகரம் ஒன்று புதிதாக வந்து ஏறவேண்டும். மேல்விலங்கு என்னும் குறியை அழித்தால் க எஞ்சும் என்பது எழுத்தின் வரிவடிவத்தைப் பார்ப்பது. ஒலிவடிவத்தைப் பார்ப்பது அன்று. அதே புதிரில் 12 நெடுக்கில் சகரத்திலிருந்து மெய்யைப் பிரித்து அகரத்தை எடுத்தபோது ஒலிவடிவத்தைத்தான் பின்பற்றினோம். ஒரே கட்டத்தில் இரண்டு நெறிகள் இருந்தால், தீர்ப்பவர் எதை நம்பிக் காலை வைப்பார்? புதிராளர் தாம் சொல்வதை அப்படியே கருதவேண்டும் என்பதில்லை, ஆனால் கருதியதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஆங்கிலப் புதிராளர் ஆஃப்ரிட் 1949இல் எழுதிய நெறி இந்த இடத்துக்கும் பொருந்தும்.

ஜாலஹள்ளிப்பெரியவர் | செவ்வாய், காலை 9.00

அம்மா சொல்வது இலக்கணப்படி முழுக்கச் சரி. ஆனால் அந்தக் குறியின் இழப்பு ஒரு வேலையைச் செய்கிறது, அதைக் கவனியுங்கள். மற்ற பத்து விடைகளில் உதிர்ந்ததை எடுத்து அப்படியே படித்துவிடலாம். இங்கே உதிர்ந்தது ஒரு குறி. தனியே அதை உச்சரிக்க முடியாது. கட்டத்துக்குள் எஞ்சியிருக்கும் ககரத்தோடு சேர்த்துப் படித்தால்தான் கி கிடைக்கிறது, சம்பங்கி என்ற பெயரும் முழுமையாகிறது. எஞ்சிய சிறு குளம் இல்லாவிட்டால் ஏரியின் பெயரையே படிக்க முடியாது. இதை ஒலிவடிவத்தில் செய்ய இயலாது, வரிவடிவத்தில்தான் இயலும்.

கரந்துறை | செவ்வாய், மாலை 6.40

புதிரை இயற்றியவன் என்ற முறையில் இதுவரை அமைதி காத்தேன். இனிச் சொல்லலாம்.

முதலில் ஆசிரியையின் குற்றச்சாட்டு. 12 நெடுக்கில் எழுத்தைப் பிரித்தது குறிப்புக்குள் நடந்த வேலை. 17 நெடுக்கில் பிரித்தது கட்டத்தில் எழுதும்போது நடந்த வேலை. இரண்டும் வேறு தளங்கள் என்பதால் எனக்கு முரண் தோன்றவில்லை. ஆனால் அந்த வேறுபாட்டை நான் எங்கும் சொல்லவில்லை. அது என் பிழைதான். திருத்திய படியில் முன்குறிப்பின் இறுதி வாக்கியத்தை “வரிவடிவில் எல்லாம் முழுதும் தூர்ந்துவிட்டதென்று எண்ணவேண்டாம்” என்று மாற்றியிருக்கிறேன். ஒரு சொல் கூடியதால் மறைவு சற்றுக் குறையும், நேர்மை கூடும்.

இரண்டாவது, யாரும் இன்னும் கேட்காத ஒன்று. நான்கு கட்டத்தில் நிலையம் என்பதற்குப் பதிலாகப் ‘பேருந்து’ என்று எழுதித் தனி மடலில் இருவர் அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் நான்கெழுத்து, அங்கே நாள்தோறும் நிற்பதும் அதுதான். வெட்டிச் செல்லும் விடை இல்லாத கட்டத்தில் ஒரே விடைக்கு இடம் வைப்பது புதிராளரின் கடமை. நான் அதைச் செய்யவில்லை. எனவே இரண்டையும் ஏற்கிறேன்.

கரகத்தைப் பற்றி நகரத்பேட்டையிலிருந்தே ஒருவர் எழுதுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தொடங்கும்போது என் கையில் இருந்தது கிரகத்தின் மேல்விலங்கை எடுத்தால் கரகம் வரும் என்ற ஒரே செய்திதான். அந்த மூலையை முதலில் வைத்துவிட்டு, மற்ற பத்தையும் அதற்காகத் தேடினேன். சமாதி ஒரே நாளில் கிடைத்தது. பார்வை கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. ரகர ஒற்றை இழந்தும் சொல்லாக நிற்கும் தமிழ்ச் சொற்கள் அவ்வளவு அரிது.

விவேக்நகர்ஆசிரியை | செவ்வாய், இரவு 7.30

‘வரிவடிவில்’ என்ற சொல் வந்தபின் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. திருத்திய படியை வகுப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்க அனுமதி வேண்டுகிறேன். உயிர்மெய்யைப் பிரிப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்காது.

கரந்துறை | செவ்வாய், இரவு 7.50

தாராளமாகக் கொடுங்கள். 5 நெடுக்குக்கு மட்டும் புணர்ச்சி விதியை முன்கூட்டியே நினைவூட்டிவிடுங்கள்.

அல்சூர்வாசகி | செவ்வாய், இரவு 9.10

4 குறுக்கில் இன்னும் அழிக்காமல் வைத்திருந்த தகரத்தை ரப்பரால் துடைத்துவிட்டேன். 17 நெடுக்கில் பென்சிலால் இருந்த கரகத்தின்மேல் இப்போது பேனாவை ஓட்டியாயிற்று. நகரத்பேட்டை நண்பரே, அந்தக் குளத்துக்கு அரங்கத்தின் எந்த வாயில் பக்கமிருந்து போகவேண்டும்? ஞாயிற்றுக்கிழமை தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.